பள்ளிக்குன்றத்தார் ஏற்றிப் பார்க்காத விளக்கு

கேளுங்கள். அந்த நாட்டை ஆண்ட அரசனுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அது இப்போது யாருக்கும் நினைவில் இல்லை, எனக்கும் இல்லை. அவ்வளவு பழைய காலத்தில் பள்ளிக்குன்றம் என்று ஓர் ஊர் இருந்தது.

ஊருக்குப் பின்னால் ஒரு குன்று. குன்றின் மேல் ஒரு குகை. குகைக்குள் சமண முனிவர்கள் படுத்துறங்கிய கற்படுக்கைகள். குன்றின் அடியில் மூன்று கோயில்கள். ஆதிநாதருக்கு ஒன்று, நேமிநாதருக்கு ஒன்று, பார்சுவநாதருக்கு ஒன்று. கோயில்களைச் சுற்றி மூன்று தெருக்கள். ஒரு தெருவில் கல் செதுக்கினார்கள். ஒரு தெருவில் பருத்தித் துணி நெய்தார்கள். ஒரு தெருவில் பித்தளை விளக்கு வார்த்தார்கள்.

பள்ளிக்குன்றத்து விளக்கு என்றால் அந்தக் காலத்தில் ஒரு தனி மதிப்பு. அரண்மனையில் நின்றதும் அந்த விளக்குத்தான், சத்திரத்தில் எரிந்ததும் அந்த விளக்குத்தான், கல்யாணச் சீரில் முதலில் வைத்ததும் அந்த விளக்குத்தான். உச்சியில் ஓர் அன்னப்பறவை, அதன் கீழே எண்ணெய் நிற்கும் அகலமான தட்டு, தண்டு முழுவதும் கொடியும் பூவும். தொட்டுப் பார்த்தால் கையை எடுக்க மனம் வராது.

இனி அந்த ஊராரின் வழக்கத்தைச் சொல்கிறேன். அவர்கள் எந்த உயிரையும் கொல்லமாட்டார்கள். சொல்வதற்கு எளிது, செய்து பாருங்கள் தெரியும். கிணற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டுவார்கள். துணியில் தங்கிய பூச்சியைத் தண்ணீரோடு திரும்பக் கிணற்றிலேயே விடுவார்கள். நடக்கிற வழியை மயிற்பீலியால் பெருக்குவார்கள். காலையில் உலையில் தீ வைப்பதற்கு முன்னால் மூன்று முறை கைதட்டி, மூன்று முறை கூப்பிடுவார்கள்.

"உயிருள்ளதெல்லாம் விலகிப் போங்க! உயிருள்ளதெல்லாம் விலகிப் போங்க! உயிருள்ளதெல்லாம் விலகிப் போங்க!"

கூப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் காத்திருப்பார்கள். ஒரு பல்லியோ தேளோ சாம்பலிலிருந்து எழுந்து, சோம்பல் முறித்துக்கொண்டு, தன் வழியே போகும். அதன்பின்தான் தீ.

பொழுது சாய்வதற்கு முன்னால் எல்லோரும் சாப்பிட்டுவிடுவார்கள். பொழுது சாய்ந்ததும் உலையை அணைத்துவிடுவார்கள். கோயில் கதவைச் சாத்திவிடுவார்கள். அதன்பின் ஊரில் ஒரு விளக்கும் எரியாது. தீயைக் கண்டால் பூச்சி வந்து விழும், விழுந்தால் சாகும், அதனால் ஏற்றமாட்டார்கள்.

சிரிக்காதீர்கள். உலகத்துக்கெல்லாம் விளக்குச் செய்து கொடுத்த ஊர் இருட்டில்தான் இருந்தது. ஒரு தடவை உப்பு விற்க வந்தவன் இருட்டிய பிறகு ஊருக்குள் வந்து, தெருவில் படுத்திருந்த எருமையின் மேல் தடுக்கி விழுந்தான். "விளக்கு விக்கிற ஊருல எருமைகூடக் கண்ணுக்குத் தெரியலையேப்பா!" என்று அவன் போகிற ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். பள்ளிக்குன்றத்தாருக்கு அது வெட்கமாக இல்லை, பெருமையாகத்தான் இருந்தது.

பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது அவர்களும் சீராக ஒரு விளக்குக் கொடுப்பார்கள். அந்தப் பெண் அதைப் புளி போட்டுத் துலக்குவாள், பூ வைப்பாள், ஆயுள் முழுவதும் ஒரு திரி போடமாட்டாள்.

விளக்குத் தெருவுக்குத் தலைவன் நந்திமித்திரன். நல்ல கைக்காரன், நல்ல மனிதன், கொஞ்சம் கறாரானவன். வார்த்த விளக்கில் நகக்கண் அளவு பிசிறு இருந்தாலும் திரும்ப உருக்கிவிடுவான். மனிதர்களிடமும் அப்படித்தான். விளக்கை உருக்கலாம், மனிதரை உருக்கமுடியாது என்பது அவனுக்குத் தெரியாது.

நந்திமித்திரனுக்கு ஒரே தங்கை, சுலோசனை. அவளைச் சாத்தன் என்ற கொல்லனுக்குக் கொடுத்திருந்தார்கள். கல் செதுக்குகிறவர்களுக்கு உளியும் சுத்தியலும் செய்து கொடுப்பது சாத்தனின் வேலை. கலகலப்பான ஆள். உலைக்கு முன்னால் கைதட்டிக் கூப்பிடும்போதுகூட, "பல்லியாரே, பெண்டாட்டி பிள்ளையோட கிளம்புங்க" என்பான். நந்திமித்திரனுக்கு அந்தக் கேலி பிடிக்காது.

ஒரு வருஷம் அரசன் குன்றுக்கு வேட்டையாட வந்தான். அம்பு தீர்ந்துபோயிற்று. அரசனின் ஆட்கள் சாத்தனிடம் வந்து அம்புமுனை கேட்டார்கள். கேட்பது அரசன். சாத்தன் தலையைச் சொறிந்தான், பிறகு செய்து கொடுத்தான்.

மறுநாள் ஒரு மான் குன்றிலிருந்து இறங்கி வந்தது. கோயில் குளத்துப் படியில் முன்னங்காலை மடக்கி விழுந்தது. தண்ணீரைப் பார்த்தபடியே செத்தது. நந்திமித்திரன்தான் அதன் விலாவிலிருந்து அம்பைப் பிடுங்கினான். முனையில் பிறைபோல ஒரு சின்னக் குறி. ஊரில் எல்லா உளியிலும் இருந்த குறி அது. சாத்தனின் குறி.

அன்றைக்கே ஊர் மண்டபத்தில் கூடியது.

சாத்தன் எழுந்து நின்று சொன்னான்: "நான் செஞ்சுதானே கொடுத்தேன் மச்சான். எய்தது நான் இல்லையே."

நந்திமித்திரன் சொன்னான்: "அம்பைச் செஞ்சவன் பாதி எய்தவன். உங்க கை இல்லாம அந்த மான் செத்திருக்காது. நீங்க இந்த ஊருல இருக்கவேணாம் மாப்பிள்ளை."

ஊர் தலையசைத்தது. மூன்று தெருவும் சேர்ந்து தலையசைத்தது. சாத்தன் தன் சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடையைத் தாண்டி அக்கரை ஊருக்குப் போனான். சுலோசனை தன் சீர் விளக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் பின்னால் போனாள். அண்ணன் வாசலைத் தாண்டும்போது அவள் நிற்கவில்லை. அவன் கூப்பிடவும் இல்லை.

அதே கூட்டத்தில் ஊரார் இன்னொன்றும் முடிவு செய்தார்கள். குன்றில் வேட்டை வேண்டாம் என்று அரசனிடம் முறையிட ஆள் அனுப்பினார்கள். முனிவர்கள் தவம் செய்த குன்று, மானும் முயலும் மயிலும் பயமில்லாமல் இருக்கவேண்டிய குன்று. அதைக் காப்பாற்றவேண்டும் என்பதுதான் அந்த ஊரின் நெடுநாள் ஆசை.

அக்கரைக்குப் போன சாத்தன் அதன்பின் அம்பு செய்யவில்லை. மண்வெட்டியும் ஏர்க்கொழுவும் செய்தான். சல்லடைக்குக் கம்பி இழுத்துப் பின்னிக் கொடுத்தான். கேலிப் பேச்சு மட்டும் நின்றுபோயிற்று. சுலோசனைக்கு அதுதான் தாங்கவில்லை.

மழைக்காலம் வந்தது. சாத்தன் காய்ச்சலில் படுத்தான். இரவு முழுவதும் கஷாயத்தை விட்டுவிட்டுக் கொடுக்கவேண்டும், நெற்றியில் பற்றுப் போடவேண்டும், இருட்டில் எதுவும் ஆகாது. சுலோசனை யோசித்துப் பார்த்தாள். பிறகு தன் சீர் விளக்கை எடுத்தாள். அக்கம்பக்கத்தில் இலுப்பெண்ணெய் வாங்கினாள். திரி எப்படிப் போடுவது என்றுகூட அவளுக்குத் தெரியாது, அதையும் கேட்டுத்தான் போட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விளக்கை ஏற்றினாள்.

விளக்கு நன்றாகத்தான் எரிந்தது. அண்ணன் கைவேலை அல்லவா? அன்னப்பறவையின் நிழல் சுவரில் விழுந்து சிறகை அசைத்தது. 'எவ்வளவு அழகு!' என்று நினைத்தாள். பிறகு கணவனைப் பார்ப்பதில் விளக்கை மறந்துவிட்டாள்.

விடிந்தது. சாத்தனுக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. விளக்கைத் துலக்க எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தட்டு நிறைய விட்டில்கள். எண்ணெய் தெரியாத அளவுக்கு ஈசல்கள். இறகு கருகியவை, பாதி வெந்தவை, இன்னும் கால் துடித்துக்கொண்டிருந்தவை. சுலோசனை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. ஒரு விளக்கு, ஒரு பொழுது, இத்தனை உயிர். அண்ணன் செய்த விளக்குகள் அரண்மனையில் எரிகின்றன, சத்திரத்தில் எரிகின்றன, ஊரூராக வீடு வீடாக எரிகின்றன. அத்தனை தட்டையும் யார் துலக்குகிறார்கள்? ஒரு மானுக்காக என் புருஷனை ஊரைவிட்டு அனுப்பினாயே அண்ணா, உன் விளக்குத் தட்டை ஒரு நாளாவது பார்த்தாயா?

பார்த்ததில்லை. அந்த ஊரில் யாருமே பார்த்ததில்லை. விளக்கை ஏற்றினால்தானே தெரியும்!

செத்த பூச்சிகளை ஒரு துணியில் கொட்டி முடிந்தாள். அண்ணன் வாசலில் கொண்டுபோய்க் கொட்டுகிறேன் என்று கிளம்பினாள். ஓடையின் நடுவில் முழங்கால் தண்ணீரில் நின்றபோது ஊர்ப் பக்கத்துக் கரையில் பறை கேட்டது. அரசனின் ஆள் அறிவித்துக்கொண்டிருந்தான்.

"பள்ளிக்குன்றத்தார் கேட்டுக்கொள்ளுங்கள்! குன்றில் வேட்டை வேண்டாம் என்று கேட்டீர்கள். அரசர் நேரில் வருகிறார். உங்கள் ஊரார் கையால் ஓர் உயிரும் சாவதில்லை என்று அவர் கண்ணால் கண்டால் வேட்டை நிற்கும். ஓர் உயிர் செத்தாலும் வேட்டை தொடரும். அப்புறம் இந்தப் பேச்சை எடுத்துக்கொண்டு யாரும் வரக்கூடாது!"

ஊர் சந்தோஷத்தில் கூச்சல் போட்டது. சுலோசனை தண்ணீரிலேயே நின்றாள். இந்த முடிச்சை இப்போது அவிழ்த்தால் அண்ணன் தலைகுனிவான், அதைத்தான் அவளும் விரும்பினாள். ஆனால் குன்று போய்விடும். மான் போய்விடும். எந்த மானுக்காகத் தன் கணவன் வீடிழந்தானோ, அந்த மானின் குட்டிகளும் போய்விடும்.

அவள் திரும்பி வந்தாள். முடிச்சைக் கொல்லையில் புதைத்தாள். கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

சாத்தன் எழுந்து உட்கார்ந்தான். பிறகு சுவரில் மாட்டியிருந்த சல்லடையை எடுத்துப் பார்த்தான். "தீயில விழுந்தாத்தானே சாகும்," என்றான். "விழாம ஒரு கூடு போட்டுட்டா?"

காய்ச்சலில் கிடந்த உடம்போடு உட்கார்ந்து கம்பி இழுத்தான். மெல்லிய கம்பி, நெருக்கமான பின்னல். காற்றுப் போகவேண்டும், வெளிச்சம் வரவேண்டும், ஈசல் நுழையக்கூடாது. முதல் கூடு சாய்ந்தது. இரண்டாவது கூட்டின் பின்னல் அகன்றுபோய் ஒரு விட்டில் நுழைந்துவிட்டது, சுலோசனை அவசரமாக விளக்கை அணைத்தாள். மூன்றாவது கூடு சரியாக உட்கார்ந்தது. பூச்சிகள் வந்து மோதின, சறுக்கின, பறந்துபோயின.

"இதை எடுத்துக்கிட்டுப் போய் உங்க அண்ணன்கிட்டக் கொடுக்கறதுன்னா கொடு," என்றான் சாத்தன். "நான் வரமாட்டேன். கூப்பிடாத இடத்துக்கு நான் வரமாட்டேன்."

அரசன் வந்தான். கெட்டவன் இல்லை அவன். வேட்டை பிடிக்கும், அதைவிட வாதம் பிடிக்கும். 'கொல்லாமல் ஓர் ஊரா? எங்கேயாவது ஓட்டை இருக்கும்' என்று நினைத்துக்கொண்டுதான் வந்தான்.

முதலில் சமையல்கட்டைப் பார்த்தான். தண்ணீர் வடிகட்டுவதைப் பார்த்தான். அரிசியிலிருந்து வண்டைப் பொறுக்கி நிழலில் விட்டுவிட்டு வருகிற பெண்ணைப் பார்த்தான். ஓட்டை இல்லை.

பிறகு தறியைப் பார்த்தான். "பட்டு இல்லையா?" என்று கேட்டான். "பட்டுக்குப் புழுவை வேகவைக்கணும் மகாராசா, எங்களால ஆகாது," என்றார்கள். ஓட்டை இல்லை.

பிறகு உலையைப் பார்த்தான். நந்திமித்திரன் மூன்று முறை கைதட்டி, மூன்று முறை கூப்பிட்டான். சாம்பலிலிருந்து ஓர் ஓணான் எழுந்து அரசனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நடந்தது. அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். "இவ்வளவு மரியாதை என் அரண்மனையில் எனக்கே கிடையாது," என்றான். அங்கேயும் ஓட்டை இல்லை.

பொழுது சாய்ந்தது. மழை தூறி விட்டிருந்தது. ஊர் மண்டபத்தில் அரசன் உட்கார்ந்தான், ஊரெல்லாம் முன்னால் நின்றது. "நீங்கள் வென்றீர்கள் என்றுதான் நினைக்கிறேன்," என்றான் அரசன். "இருட்டுகிறது. விளக்குக் கொண்டுவாருங்கள், என் ஆணையைச் சொல்கிறேன்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நந்திமித்திரன் ஓடிப்போய்த் தன் வீட்டிலிருந்து ஒரு விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். அரசனுக்குப் பரிசாகக் கொடுக்க வைத்திருந்த விளக்கு. ஆளுயரம். அதைப்போல அவன் இன்னொன்று செய்ததில்லை. "நாங்க ஏத்தமாட்டோம் மகாராசா," என்று சொல்லிக் கொண்டுவந்து வைத்தான். அரசனின் ஆட்களே எண்ணெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றினார்கள்.

மண்டபம் பொன்னாக மாறியது. "ஆ!" என்றது ஊர். அவர்கள் செய்த விளக்கு எரிவதை அவர்கள் பார்த்ததே இல்லையே! பிள்ளைகள் கைதட்டின. நந்திமித்திரனின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை காலமும் இந்த அழகையா நான் பார்க்காமல் இருந்தேன் என்று நினைத்தான்.

அப்போது முதல் ஈசல் வந்தது.

ஒன்று வந்தது. பத்து வந்தது. மழை ஈரத்தில் மண்ணுக்குள்ளிருந்து கிளம்பிய அத்தனையும் வந்தது. அன்னப்பறவையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது, தீயில் விழுந்தது, எண்ணெயில் துடித்தது. கருகிய வாடை மண்டபம் முழுவதும் பரவியது. கைதட்டிய பிள்ளைகள் அழ ஆரம்பித்தன.

அரசன் தட்டை எட்டிப் பார்த்தான். அவன் தேடிய ஓட்டை தானாகவே வந்து கண்முன்னால் நின்றது. "நந்திமித்திரா," என்றான், "இது யார் கை?"

 குன்று, மான், ஊரின் நெடுநாள் ஆசை, எல்லாம் நந்திமித்திரனின் நாக்கு நுனியில் நின்றது. சட்டென்று சொன்னான்: "ஏத்தினது உங்க ஆளுங்க மகாராசா. நான் செஞ்சுதானே கொடுத்தேன்."

அரசன் சிரித்தான். வாதம் பிடித்தவன் அல்லவா, பதில் அவனுக்குப் பிடித்துவிட்டது. "சரியான பதில்! ஏற்றியவன் என் ஆள். உங்கள் கை படவில்லை. ஒப்புக்கொள்கிறேன். குன்றில் இனிமேல்..."

ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

கேட்டீர்களா? நந்திமித்திரன் ஒன்றும் செய்யவேண்டாம். வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும், குன்று ஊருக்கு.

ஆனால் தான் சொன்ன சொல் அவன் காதிலேயே திரும்ப விழுந்தது. 'நான் செஞ்சுதானே கொடுத்தேன்.' இதை இதே மண்டபத்தில் வேறு ஒரு வாய் சொல்லிக் கேட்டிருக்கிறோமே! தலையைத் திருப்பினான். மண்டபத்துக்கு வெளியே, கடைசித் தூணுக்குப் பின்னால், சுலோசனை நின்றுகொண்டிருந்தாள். அரசனுக்கு இரவில் விளக்கு ஏற்றத்தான் போகிறார்கள் என்று தெரிந்து, கூட்டை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஊரை விட்டு விலக்கியவன் மனைவி என்பதால் உள்ளே வரவில்லை.  அண்ணனைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"கொஞ்சம் பொறுங்க மகாராசா," என்றான் நந்திமித்திரன்.  "நான் சொன்ன பதில் தப்பு. இது என் மாப்பிள்ளை சொன்ன பதில். அவர் சொன்னப்ப நான் ஏத்துக்கலை. அம்பைச் செஞ்சவன் பாதி எய்தவன்னு சொல்லி அவரை ஊரைவிட்டு அனுப்பினேன். அதே பதில் என் வாயில வந்தா மட்டும் எப்படி நியாயமாகும்? இந்த உயிரெல்லாம் செத்ததுல பாதி என் கை."

"அட பாவி, எல்லாத்தையும் கெடுத்திட்டியே!" என்று நெசவுத் தெருவிலிருந்து ஒருவர் கத்தினார். அவரைக் குறை சொல்லமாட்டேன். நானாக இருந்தாலும் கத்தியிருப்பேன்.

ஊர் கத்திக்கொண்டிருக்க, ஈசல்கள் விழுந்துகொண்டிருக்க, சுலோசனை உள்ளே வந்தாள். யார் உன்னை உள்ளே விட்டது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. முந்தானைக்குள்ளிருந்து கூட்டை எடுத்தாள். தீயின் மேல் கவிழ்த்து வைத்தாள்.

பறந்து வந்த ஈசல் கம்பியில் மோதியது. சறுக்கியது. கீழே விழுந்து, எழுந்து, நடந்துபோயிற்று. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. வெளிச்சம் கொஞ்சம் மங்கியது, ஆனால் முகம் தெரிந்தது. அந்த மங்கலில் எல்லோரும் சத்தம் அடங்கி நின்றார்கள்.

"யாரம்மா நீ?" என்றான் அரசன். "இதைச் செய்தது யார்?"

"இவர் தங்கச்சி நான். இதைச் செஞ்சது உங்களுக்கு அம்பு செஞ்ச கைதான் மகாராசா. இப்ப அம்பு செய்யறதில்லை."

அரசன் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "நான் சொன்ன சொல் சொன்னதுதான். ஓர் உயிர் செத்தாலும் நீங்கள் தோற்றீர்கள் என்றேன். இங்கே ஒன்றா செத்திருக்கிறது? குன்று உங்களுக்கு இல்லை."

 நந்திமித்திரன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆனால் ஒரு கணக்கு உதைக்கிறதே," என்றான் அரசன். "மான் செத்ததில் செய்தவனுக்குப் பாதி. மீதிப் பாதி யாருக்கு?"

பதில் எல்லோருக்கும் தெரியும். சொல்வதற்குத்தான் யாருக்கும் துணிச்சல் இல்லை.

"எனக்கு," என்றான் அரசன். "கொல்லன் தன் பாதிக்காக வீட்டை இழந்தான். விளக்குக்காரன் தன் பாதியை ஒப்புக்கொண்டு, கைக்கு வந்த குன்றையே விட்டான். நான் என் பாதிக்கு ஒன்றும் கொடுக்காமல் குதிரை ஏறிப் போனால், இந்த மண்டபத்தில் நின்றவர்களிலே சிறியவன் நான்தான். குன்று உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். அங்கே இருக்கிற மானுக்கும் முயலுக்கும் மயிலுக்கும் இருக்கட்டும். இனிமேல் அங்கே வேட்டை இல்லை."

ஊர் போட்ட கூச்சலில் மண்டபத்து வௌவால்கள் எழுந்து பறந்தன. அரசன் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு இருட்டிலேயே படுத்துத் தூங்கினான். நன்றாகத் தூங்கினான் என்றுதான் சொல்கிறார்கள்.

கதை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். உட்காருங்கள். இன்னும் ஒன்று பாக்கி.

விடிந்ததும் நந்திமித்திரன் அந்தக் கூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டினான். சாத்தன் வீட்டு வாசலில் நின்றான். உள்ளே சம்மட்டிச் சத்தம் கேட்டது.

"மாப்பிள்ளை," என்றான். "என் விளக்குக்கெல்லாம் இந்தக் கூடு வேணும். நீங்கதான் செஞ்சு தரணும். ஊருக்கு வந்து செஞ்சு தரணும்."

சம்மட்டிச் சத்தம் நிற்கவில்லை. சத்தத்துக்கு நடுவில் சாத்தனின் குரல் வந்தது.

"உலையில ஒரு பல்லி இருந்தாக்கூட மூணு தரம் கூப்பிட்டுட்டுத்தான் தீ வைப்பீங்க மச்சான். என்னை அனுப்பினப்ப ஒரு தரமாவது கூப்பிட்டீங்களா?"

  நந்திமித்திரன் வாசலில் கூட்டைக் கீழே வைத்தான். உலைக்கு முன்னால் நிற்பதுபோல நின்றான். மூன்று முறை கைதட்டினான்.

"வீட்டுக்கு வாங்க மாப்பிள்ளை," என்று கூப்பிட்டான். சம்மட்டி அடித்துக்கொண்டுதான் இருந்தது.

"வீட்டுக்கு வாங்க மாப்பிள்ளை," என்று மறுபடி கூப்பிட்டான். சம்மட்டி நின்றது.

மூன்றாவது தடவை கூப்பிட வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை, அழுகைதான் வந்தது. பரவாயில்லை என்று சாத்தன் வெளியே வந்துவிட்டான். "பல்லியார் பெண்டாட்டியோட கிளம்பியாச்சு," என்றான். சுலோசனை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தக் கேலியை அவள் கேட்டு எத்தனை நாளாயிற்று! இந்தத் தடவை நந்திமித்திரனும் சிரித்தான்.

அன்றிலிருந்து பள்ளிக்குன்றத்து விளக்கு எதுவும் கூடு இல்லாமல் ஊரைவிட்டுப் போகவில்லை. வெளிச்சம் குறைகிறது என்று சிலர் முணுமுணுத்தார்கள். கூட்டைக் கழற்றி எறிந்தவர்களும் உண்டு. அதற்கு ஊரார் என்ன செய்யமுடியும்? ஆனால் ஒன்று செய்தார்கள். புதிய விளக்கு ஒவ்வொன்றையும் கூடு போட்டு ஒருமுறை மண்டபத்தில் ஏற்றி, தட்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள்.

பிறருக்குச் சொன்ன தீர்ப்பு தன் வாசலுக்கு வரும்போது அதை மாற்றாமல் தனக்கும் ஏற்றுக்கொள்பவனே நியாயம் தெரிந்தவன்.